நோய்க்கும் உண்டு எண்ணும் எழுத்தும்

முன்னுரை

அரசு மருத்துவமனைக்குச் சென்று வந்தவர் எவரும் புறநோயாளிச் சீட்டை அறிவர். பெயர், வயது, ஊர் ஆகியவற்றின் கீழ் மருத்துவர் இரண்டொரு சொற்களை விரைந்து எழுதுகிறார். மருந்து வாங்கியதும் சீட்டு சட்டைப்பையில் மடிந்து, சில நாட்களில் கிழிந்தும் போகிறது. நோய் தீர்ந்தவருக்குச் சீட்டைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அந்த இரண்டொரு சொற்களுக்கு வேறொரு பயனும் உண்டு. ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் காசநோய் கண்டது, எத்தனை பேரைப் பாம்பு கடித்தது, எந்த மருந்து எவ்வளவு தேவை என்பனவெல்லாம் அத்தகைய சொற்களைக் கூட்டிப் பார்த்தே அறியப்படுகின்றன. சொல் தவறினால் கணக்குத் தவறும். கணக்குத் தவறினால் மருந்து சேர வேண்டிய இடத்திற்குச் சேராது.

இன்று அச்சீட்டு மெல்ல மெல்லக் கணிப்பொறிக்குள் புகுந்து வருகிறது. கணிப்பொறிக்குச் சொல்லைக் காட்டிலும் குறியீடு எளிது. ஆகவே நோய்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகளை வழங்கும் கலை பெருகியுள்ளது. நம் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியல், வேதியியல் பயின்ற பட்டதாரிகள் பலர் 'மெடிக்கல் கோடிங்' எனப்படும் இப்பணியை நாடிச் செல்கின்றனர். இக்கலை எவ்வாறு தோன்றியது, அதன் அமைப்பு யாது, அதனைக் கற்பது எங்ஙனம், அதில் தவறினால் விளையும் கேடு என்ன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர்க் குழப்பம்

ஒரு நோய்க்குப் பல பெயர்கள் வழங்குவதையும், ஒரு பெயரால் பல நோய்கள் சுட்டப்படுவதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். சர்க்கரை வியாதி, நீரிழிவு, மதுமேகம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒன்றையே குறிக்கின்றன. மாறாக, 'மஞ்சள் காமாலை' என்பது உண்மையில் ஒரு நோயே அன்று. அது ஓர் அறிகுறி. கிருமியால் ஈரல் வீங்கினாலும் கண் மஞ்சளாகும். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். முன்னதற்கும் பின்னதற்கும் மருத்துவம் வேறு. நாளேடுகளில் மழைக்காலந்தோறும் வரும் 'மர்மக் காய்ச்சல்' என்னும் சொல்லோ எந்த நோயையும் குறிப்பதில்லை. காரணம் இன்னும் அறியப்படவில்லை என்பதை மட்டுமே குறிக்கிறது.

இக்குழப்பம் புதியதன்று. இலண்டன் மாநகரில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிரான்ட் என்னும் துணி வணிகர் 1662ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேர் ஆறு வயது நிறைவதற்குள் இறந்தனர் என்று அவர் கணித்தார். இறந்தவர் வீட்டிற்குச் சென்று காரணத்தைக் கேட்டு வந்து சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதற்கென அமர்த்தப்பட்ட மூதாட்டிகள். ஒரு குவளை மதுவும், வழக்கமான கூலியைப் போல் இருமடங்கும் கிடைத்தால் மேகநோயால் இறந்தவரும் 'மெலிவு நோயால் இறந்தார்' என்று எழுதப்பட்டுவிடுவார் என்பதைக் கிரான்ட் அன்றே கண்டு கூறினார். வெட்கமும் காசும் சேர்ந்து ஒரு நோயையே கணக்கிலிருந்து மறைத்துவிட முடியும் என்பதற்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

கிரான்ட்டுக்குப் பின் ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத்தில் பணியேற்ற வில்லியம் ஃபார் என்னும் மருத்துவர் இக்குறையைத் தீர்க்க முனைந்தார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குவதையும், மூல நோயை விட்டுவிட்டு அதனால் விளைந்த சிக்கலை மட்டும் எழுதிவிடுவதையும் 1839ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் குறை கூறினார். இயற்பியலுக்கு நிறுத்தல், நீட்டல் அளவைகள் எத்துணை இன்றியமையாதனவோ, நோய் ஆராய்ச்சிக்குச் சீரான பெயர்கள் அத்துணை இன்றியமையாதன என்பது அவர் கருத்து. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டால் நெல் வணிகம் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால் இக்கருத்தின் ஆழம் விளங்கும்.

பட்டியல் வளர்ந்த வரலாறு

ஃபார் வகுத்த நெறியைத் தழுவி, பாரிசு நகரப் புள்ளியியல் துறைத் தலைவராக விளங்கிய ஜாக் பெர்டியோன் ஒரு பட்டியலை உருவாக்கினார். 1893இல் சிகாகோ நகரில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் கழகம் அதனை ஏற்றது. அதன் விரிவான வடிவில் 161 தலைப்புகளே இருந்தன. 1900இல் பாரிசில் 26 நாட்டுப் பேராளர்கள் கூடி அதனைத் திருத்தி 179 தலைப்புகளாக்கினர். பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவது என்ற வழக்கமும் ஏற்பட்டது.

அதுவரை அது இறப்பின் காரணங்களுக்கான பட்டியலாகவே பெரிதும் பயன்பட்டது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாம் திருத்தத்தை ஏற்றபோது, இறந்தோரின் நோய்களோடு உயிருடன் இருப்போரின் நோய்களும் அதில் முறையாக இடம் பெற்றன. 'ஐ.சி.டி.' என்று உலகெங்கும் சுருக்கி அழைக்கப்படும் அனைத்துலக நோய் வகைப்பாடு இதுவே. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் 1994 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினொன்றாம் திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு, 1-1-2022 முதல் நடைமுறைக்கு உரியதாயிற்று. நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்கு மாறுவதற்குக் காலம் பிடிக்கும். ஆதலின் மாணவர் முதலில் பத்தாம் திருத்தத்தைக் கற்பதே பொருத்தமாகும்.

தமிழர்க்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மருத்துவ முறைகளில் வழங்கும் நோய்ப் பெயர்களுக்கான தனிப்பகுதி ஒன்று பதினொன்றாம் திருத்தத்தின் தொடர்பாக 2024 ஜனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டது.

குறியீட்டின் அமைப்பு

பத்தாம் திருத்தத்தின் குறியீடு ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். அடுத்து இரண்டு இலக்கங்கள் வரும். பின்னர் ஒரு புள்ளி; புள்ளிக்குப் பின் உட்பிரிவைக் காட்டும் இலக்கம். நூல் தொடங்குவது காலராவில். காலராவின் குறியீடு ஏ-00. டைபாய்டு காய்ச்சல் ஏ-01.0. ஏ-15 முதல் ஏ-19 வரை காசநோய். இரண்டாம் வகை நீரிழிவு இ-11. மிகை இரத்த அழுத்தம் ஐ-10. எலும்பு முறிவு போன்ற காயங்கள் எஸ் என்னும் எழுத்தில் அடங்கும்.

அறிகுறிகளுக்கென்றே ஆர் என்னும் எழுத்து ஒதுக்கப்பட்டுள்ளது. நாம் மேலே கண்ட மஞ்சள் காமாலை, காரணம் தெரியாதபோது, ஆர்-17 ஆகும். நாளேட்டின் 'மர்மக் காய்ச்சல்' ஆர்-50.9இல் அடங்கும், அதன் பொருள் 'விவரம் குறிப்பிடப்படாத காய்ச்சல்' என்பதே. அறியாமையை மறைக்காமல், அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி எண்ணி வைப்பது இவ்வகைப்பாட்டின் சிறப்பு எனலாம்.

புதிய நோய் தோன்றினால் என் செய்வது? அதற்கென யு என்னும் எழுத்தில் இடங்கள் விடப்பட்டிருந்தன. கோவிட் பெருந்தொற்று 2020இல் பரவியபோது, சோதனையில் கிருமி உறுதியானால் யு-07.1 என்றும், உறுதியாகாமல் மருத்துவரின் முடிவு மட்டும் இருந்தால் யு-07.2 என்றும் வகுக்கப்பட்டன. இவ்விரண்டையும் வேறுபடுத்தியதால்தான் சோதனையில் கண்டவற்றையும் கருதப்பட்டவற்றையும் பிரித்தறிய முடிந்தது.

நூலகம் கற்பிக்கும் பாடம்

இவ்வமைப்பு நூலகத்தை நினைவூட்டவில்லையா? நூலகத்தில் ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஓர் எண் ஒட்டப்பட்டுள்ளது. நூலின் பெயர் எதுவாயினும் அதன் பொருள் எதுவோ அந்த அலமாரியில்தான் அது அமரும். சீர்காழியில் பிறந்து, அரசுக் கல்லூரிகளில் கணித ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இதில் ஒரு படி முன்னே சென்றது. ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் குறியிட்டு, அவற்றைக் கோத்து எண்ணாக்குவது அவர் முறை.

ஐ.சி.டி.யின் பதினொன்றாம் திருத்தத்திலும் இதனை ஒத்த போக்கைக் காண்கிறோம். நோய்க்கு ஓர் அடிப்படைக் குறியீடு. அது உடலின் எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை என்பவற்றுக்குத் துணைக் குறியீடுகள். இவற்றைக் கோத்து எழுதலாம். நூலகப் பகுப்பை நன்கு கற்ற மாணவனுக்கு நோய்ப் பகுப்பு அயலாகத் தோன்றாது.

கற்கும் முறை

இனி, பத்தாம் திருத்தத்தைப் பயன்படுத்தும் முறையைப் படிப்படியாகக் காண்போம். அந்நூல் மூன்று தொகுதிகளைக் கொண்டது. முதல் தொகுதி பட்டியல்; இரண்டாவது விதிகள்; மூன்றாவது அகரவரிசைச் சொல்லடைவு.

முதற்படி: தலைமைச் சொல்லைக் காணல். 'தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு' என்று மருத்துவர் எழுதியிருந்தால், சொல்லடைவில் 'தொடை' என்று தேடக் கூடாது. 'முறிவு' என்று தேட வேண்டும். உறுப்பின் பெயர் அதன் கீழ்தான் வரும். நோயே தலைமை, உறுப்பு அதன் அடைமொழி.

இரண்டாம்படி: பட்டியலில் சரிபார்த்தல். சொல்லடைவில் கிடைத்த எண்ணை அப்படியே எழுதிவிடுவது புதியவர் செய்யும் பெரும்பிழை. முதல் தொகுதிக்குச் சென்று, அக்குறியீட்டின் கீழ் 'இவை அடங்கும்', 'இவை அடங்கா' என்று உள்ள குறிப்புகளைப் படித்தாக வேண்டும்.

மூன்றாம்படி: உட்பிரிவைக் கவனித்தல். புள்ளிக்குப் பின் 8 வந்தால் பெரும்பாலும் 'பிற' என்றும், 9 வந்தால் 'விவரம் குறிப்பிடப்படாதது' என்றும் பொருள். ஆனால் நீரிழிவில் இவ்விதி பொருந்தாது. இ-11.9 என்றால் 'சிக்கல் எதுவும் இல்லாத நீரிழிவு' என்பது பொருள். சிறுநீரகம் கெட்டிருந்தால் இ-11.2, கண் கெட்டிருந்தால் இ-11.3, நரம்பு கெட்டிருந்தால் இ-11.4. பொது விதியை மட்டும் நம்பி 9ஐ இட்டவர், கால் மரத்துப்போன நோயாளியை நலமானவராக்கிவிடுவார்.

நான்காம்படி: இரு குறியீடுகள் தேவையா என ஆராய்தல். காசநோய் மூளை உறையைத் தாக்கும்போது ஏ-17.0 என்பது மூல நோயையும், ஜி-01 என்பது அது வெளிப்பட்ட இடத்தையும் காட்டும். முன்னதற்குக் குறுவாள் அடையாளமும் பின்னதற்கு உடுக்குறியும் இடப்பட்டிருக்கும். காயங்களுக்கும் இவ்வாறே இரண்டு தேவை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த மூதாட்டிக்கு, முறிவுக்காக எஸ்-72.0, வழுக்கி விழுந்ததற்காக டபிள்யு-01. பாம்பு கடித்து நஞ்சேறியவருக்கு டி-63.0, பாம்பின் தீண்டலுக்காக எக்ஸ்-20. முதல் எண் அறுவை மருத்துவருக்கும் மருந்துக் கிடங்கிற்கும் பயன்படும். இரண்டாவது எண், விபத்தை வராமல் தடுக்க எண்ணுவோர்க்குப் பயன்படும்.

ஐந்தாம்படி: எழுதாததைச் சேர்க்காமை. இதுவே தலையாய விதி. சீட்டில் நீரிழிவு மாத்திரையின் பெயர் இருக்கலாம்; சர்க்கரை அளவும் மிகுந்திருக்கலாம். ஆயினும் 'நீரிழிவு' என்று மருத்துவர் எழுதாவிடில், குறியீட்டாளர் தாமாக அதனைச் சேர்க்க உரிமையில்லை. ஐயமிருந்தால் மருத்துவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும். நோயைக் கண்டறிவது மருத்துவரின் தொழில். கண்டறிந்ததை உள்ளபடி மொழிபெயர்ப்பது குறியீட்டாளரின் தொழில்.

அயல்நாட்டுக் கணக்கும் நம் இளைஞரும்

நம் பட்டதாரிகளில் பலர் குறியிடுவது அமெரிக்க நோயாளிகளின் ஏடுகளுக்கே. அங்கு ஐ.சி.டி. பத்தாம் திருத்தத்தைத் தம் தேவைக்கேற்ப விரித்து, 1-10-2015 முதல் கையாண்டு வருகின்றனர். குறியீடு ஏழு இடங்கள் வரை நீளும். முறிந்தது வலக்காலா இடக்காலா, வந்திருப்பது முதன்மைச் சிகிச்சைக்கா தொடர் கவனிப்புக்கா என்பனவும் அதில் அடங்கும். மருத்துவர் செய்த செயல்களுக்கு, அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதல் வெளியிட்ட சி.பி.டி. என்னும் வேறொரு குறியீட்டு முறை உண்டு.

அங்குக் காப்பீட்டுத் தொகை குறியீட்டைப் பொறுத்தே வழங்கப்படுகிறது. ஆதலின் நோயை உள்ளதைவிடக் கடுமையாகக் காட்டிப் பணம் பெறும் ஆசை சிலர்க்குத் தோன்றலாம்; அது சட்டப்படி குற்றம். புறநோயாளிக்கு 'டெங்குவாக இருக்கலாம்' என்று மருத்துவர் எழுதினால், டெங்குவின் குறியீட்டை இடக் கூடாது. காய்ச்சலின் குறியீட்டையே இட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இல்லையேல், இல்லாத நோய் ஒன்று அந்நோயாளியின் ஏட்டில் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஓர் இறப்பு, மூன்று எண்கள்

நம் நாட்டில் இக்கலையின் பயன் மிகத் தெளிவாகப் புலப்படுவது இறப்புச் சான்றில்தான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறப்பின் காரணத்தை மருத்துவர் எழுதித் தருவதற்கென்று படிவங்கள் உள்ளன. மருத்துவமனையில் இறந்தவர்க்கு 4ஆம் படிவம்; வெளியில் இறந்தவர்க்கு 4-ஏ படிவம். அதன் முதற்பகுதியில் மேல்வரியில் உடனடிக் காரணத்தையும், அடுத்த வரிகளில் அதற்கு வித்திட்டவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில், சாவுக்குத் துணைபோன பிற நோய்களை எழுத வேண்டும். சங்கிலியின் தொடக்கத்தில் நிற்கும் நோயே 'மூல காரணம்'. நாட்டின் கணக்கில் ஏறுவது அதுவே.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். பல்லாண்டுகள் நீரிழிவால் வாடிய உழவர் ஒருவர். வயலில் காலில் முள் தைத்தது. புண் ஆறாமல் கால் அழுகியது. இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவியது. இறுதியில் இதயம் நின்றது. இதனை மூவர் மூன்று விதமாக எழுதலாம்.

ஒருவர், 'இதயம் நின்றதால் மரணம்' என்று மட்டும் எழுதுகிறார். குறியீடு ஐ-46.9. இவர் இதயநோயாளிகளின் அத்தியாயத்தில் சேர்கிறார். மற்றொருவர், 'இரத்தத்தில் கிருமி நச்சு' என்று மட்டும் எழுதுகிறார். குறியீடு ஏ-41.9. இவர் தொற்று நோயாளிகளோடு சேர்கிறார். மூன்றாமவர், மேல்வரியில் கிருமி நச்சு, அடுத்து கால் அழுகல், அதன் கீழ் இரண்டாம் வகை நீரிழிவு என்று முறைப்படி எழுதுகிறார். குறியீடு இ-11.5. இப்போதுதான் அவர் நீரிழிவால் மாண்டவர் என்று கணக்கில் ஏறுகிறார்.

இறந்தவர் ஒருவரே, எண்கள் மூன்று. இதயம் நிற்பது எல்லா இறப்புக்கும் பொதுவாதலின் அதனைக் காரணமாக எழுதலாகாது என்பது விதி. ஆயினும் அவசரத்திலும், இரவுப் பணியின் களைப்பிலும் அது எழுதப்பட்டுவிடுகிறது. அவ்வாறு நூறு சான்றுகள் எழுதப்பட்டால், அந்த வட்டாரத்தில் நீரிழிவாளர்களின் கால்களைச் சோதிக்க ஒரு சிறப்பு மருத்துவ முகாம் தேவை என்பதே எவர்க்கும் தெரியாது போகும். அடுத்த உழவரின் காலைக் காக்க வேண்டிய செய்தி, முந்தைய உழவரின் சான்றிதழிலேயே புதைந்துவிடும். கிரான்ட் கண்ட மூதாட்டிகளைப் பழித்துப் பயனில்லை. அதே பிழை படித்தவர் கையாலும் நேரக் கூடும்.

மின்னணுக் குறிப்பேடு

கணிப்பொறியில் நோயாளியின் ஏட்டை எழுதி வைக்கும் முயற்சி 1960களிலேயே அமெரிக்காவில் தொடங்கியது. லாரன்ஸ் வீட் என்னும் மருத்துவர் 1968இல் ஒரு கருத்தை வலியுறுத்தினார். நோயாளியின் ஏடு நாட்குறிப்புப் போல் நீண்டு செல்லாமல், அவருக்குள்ள ஒவ்வொரு சிக்கலையும் தனித்தனியே எண்ணிட்டு அமைய வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் நோயாளி கூறியது, மருத்துவர் கண்டது, எண்ணிய முடிவு, செய்யப்போவது என நான்கும் வரிசையாக இருக்க வேண்டும் என்றார். இன்றும் மருத்துவ மாணவர்க்கு இம்முறை கற்பிக்கப்படுகிறது.

மின்னணு ஏட்டிற்கு ஐ.சி.டி. ஒன்று மட்டும் போதாது. ஐ.சி.டி. எண்ணுவதற்கு உரியது. மருத்துவர் நுணுக்கமாக எழுதுவதற்கு 'ஸ்னோமெட் சி.டி.' என்னும் சொற்றொகுதி உள்ளது. அதில் இரண்டாம் வகை நீரிழிவின் எண் 44054006. ஐ.சி.டி. எண்ணைப் போல் இதனைப் பார்த்ததும் எந்த அத்தியாயம் என்று கூற இயலாது. எண்ணுக்குள் பொருள் இல்லை. ஆனால் கணிப்பொறி இதனைப் பிற ஆயிரக்கணக்கான கருத்துகளோடு உறவுபடுத்தி அறியும்.

ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கு 'லாயிங்க்' என்னும் முறை உண்டு. இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவுக்கு 718-7 என்பது எண். எந்தப் பொருள், எந்த இயல்பு, எந்த நேரம், எந்த மாதிரி, எவ்வகை அளவு, எம்முறை என ஆறு கூறுகளால் ஒவ்வொரு சோதனையும் வரையறுக்கப்படுகிறது. அளவையும் சேர்த்து எழுதுவது இன்றியமையாதது. ஓர் ஆய்வுக்கூடம் சர்க்கரை '126' என்கிறது. அயல்நாட்டிலிருந்து வந்தவர் காட்டும் தாளில் '7' என்று உள்ளது. முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். பின்னது லிட்டருக்கு மில்லிமோல். இரண்டும் ஒரே அளவே. அளவையின் பெயரை விட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் விளையும் தீங்கைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வாறு எழுதியதை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப 'எச்.எல். 7' குழுவினர் வகுத்த விதிகளும், எக்ஸ்ரே போன்ற படங்களை அனுப்ப 'டைகாம்' விதிகளும் உள்ளன. இந்திய அரசு 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய மின்னணு நலக் குறிப்பேட்டு நெறிமுறைகளில் இத்தகைய தரங்கள் இடம் பெற்றுள்ளன. 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மின்னணுத் திட்டத்தில், விரும்பும் குடிமகன் 14 இலக்க நல எண்ணைப் பெறலாம். அவர் இசைவு அளித்தால் அவருடைய ஏடு மருத்துவமனைகளுக்கிடையே செல்லும்.

வசதி பெருகும்போது பொறுப்பும் பெருகுகிறது. முன்பு ஒரு கேஸ் ஷீட்டைப் படிக்க, அது இருக்கும் அலமாரிக்குச் செல்ல வேண்டும். இன்று தொலைவில் இருப்பவரும் ஒரு நொடியில் படிக்கலாம். காகிதத்தில் நேர்ந்த பிழை அக்காகிதத்தோடு நின்றது. கணிப்பொறியில் நேர்ந்த பிழையோ படியெடுக்கப்பட்டுப் பல இடங்களுக்குப் பரவும். பிறர் நோயைப் படிக்க நேர்ந்தவர் அதனை வெளியே பேசாதிருப்பது சட்டத்திற்கு அஞ்சி மட்டும் அன்று, அறத்திற்கு அஞ்சியும் ஆகும்.

முடிவுரை

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்தார். இந்நால்வகையோடு, நடந்ததைப் பிழையின்றி எழுதி வைப்பவனையும் இன்று நாம் சேர்த்து எண்ண வேண்டியுள்ளது. அவன் நோயாளியைக் காண்பதில்லை, நாடியைத் தொடுவதில்லை. ஆயினும் அவன் இடும் ஓர் எழுத்தும் சில இலக்கங்களும், இனி நோயுறப் போகிறவர்க்கு மருந்து சேருமா சேராதா என்பதை ஓரளவேனும் முடிவு செய்கின்றன.

இப்பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்கள், ஒரு மணிக்கு எத்தனை ஏடு முடித்தோம் என்பதோடு நின்றுவிடலாகாது. உடற்கூற்றியலையும் நோயியலையும் உரிய நூல்களில் முறையாகக் கற்க வேண்டும். சொல்லடைவோடு நில்லாமல் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் கேட்க வெட்கப்படலாகாது. கணிப்பொறித் திரையில் தெரியும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும், ஆறாத காலோடு வயல் வரப்பில் நடந்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.